கப்பல் கொடுத்த பன்னிரண்டு மணி நேரம்

எங்கள் மலைநாட்டைப் பார்க்க வருகிறவர்களில் மூன்று வகையினர் உண்டு. மாதக் கணக்கில் தங்கிப் பார்ப்பவர் ஒரு வகை. இரண்டு நாள் வந்து குளிர் காய்ந்துவிட்டுப் போகிறவர் மற்றொரு வகை. காலையில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி, மலையைத் தொட்டுவிட்டு, மாலையில் மறுபடி கப்பலேறிவிட வேண்டும் என்று துடிப்பவர் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையினரைப் பற்றி நான் அதிகமாக எண்ணியதில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தருகே, கழுத்தில் படப்பெட்டியும் கண்ணில் அவசரமுமாக நிற்கும் வெள்ளைக்காரத் தம்பதிகளைக் கண்டால், ‘பாவம், எங்கோ ஒரு கப்பல் இவர்களுக்காக மணியடித்துக்கொண்டிருக்கிறது போலும்’ என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். அந்த அவசரத்தின் உட்பொருளை நானே அறியும் நாள் 2024 ஜனவரியில் வாய்த்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஓர் இரவில், நீலகிரியிலிருந்து என் பால்ய நண்பன் தொலைபேசியில் அழைத்தான்.

“டேய், நான் கப்பல்ல வர்றேன்டா!”

சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் மகன், தகப்பனாருக்கு அறுபது நிறைந்ததன் நினைவாக, அவரை ஓர் உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருந்தான். சிங்கப்பூரில் புறப்பட்டு மும்பை செல்லும் கப்பல் அது. வழியில் கொழும்பில் ஒரே ஒரு பகல் நிற்கும். காலை ஆறு மணிக்குத் துறைமுகம் புகும். இரவு எட்டு மணிக்குப் புறப்படும்.

“அந்த ஒரு நாள்ல நான் பொறந்த லயத்தைப் பாத்துட்டு வந்துடணும். முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு.”

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. ‘ஒரு வாரம் பொறுத்துச் சொல்கிறேன்’ என்றேன்.

நிற்க. இந்த நண்பனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நானும் அவனும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அடுத்தடுத்த லயங்களில் பிறந்தவர்கள். தோட்டப் பாடசாலையில் ஒரே வாங்கில் அமர்ந்து ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்கள். பின்னர் நான் ஆசிரியனாகி, இந்த வட்டாரத்துப் பாடசாலைகளிலேயே முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றேன். அவன் 1976-இல் கடல் கடந்தான். அப்போது எங்களுக்கு வயது பதினான்கு.

‘கடல் கடந்தான்’ என்று எழுதும்போது அவனாக விரும்பிப் போனதுபோல் தொனிக்கிறது. உண்மை வேறு. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் பெற்றோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்கள் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென்று 1974-இல் முடிவாயிற்று. என் தகப்பனார் இலங்கைப் பட்டியலில் விழுந்தார். அவனுடைய தகப்பனார் இந்தியப் பட்டியலில் விழுந்தார். அவனுடைய அக்காளோ அதற்கு முன்பே மணமாகிப் புருஷன் வீட்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டாள். ஆகவே அக்காள் இங்கே, தம்பி அங்கே.

அந்த நாட்களில் ஹட்டன் புகையிரத நிலையத்து மேடையைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். தகரப்பெட்டிகளும், பாய்ச் சுருள்களும், ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழும் குடும்பங்களுமாக அது நிறைந்திருக்கும். புகையிரதம் அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே ‘இராமானுஜம்’ என்ற கப்பல் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரத்தில் இறக்கிவிடும். என் நண்பன் முதன்முதலாக ஏறிய கப்பல் அதுதான். அந்தப் பிரயாணத்துக்குத் திரும்பும் சீட்டுக் கிடையாது.

அங்கே போயும் அவன் தேயிலையை விட்டானில்லை. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் தகப்பனோடு சேர்ந்து வேலைக்குப் போனான். அதே குளிர், அதே அட்டை, அதே கூடை. இடையில் வந்து பார்க்க வேண்டுமென்று எத்தனையோ தடவை கடிதம் எழுதினான். 1983-இல் கலவரம் மூண்டது. மறு ஆண்டு இராமேஸ்வரக் கப்பலும் நின்றது. பிறகு யுத்தம், யுத்தம் ஓய்ந்தபோது கையில் பணமில்லை. 2011-இல் அக்காள் இறந்த செய்தியை நான்தான் அவனுக்குச் சொன்னேன்.

இப்போது கப்பல் வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் கொடுக்கிறது. அந்த நேரத்தை எப்படி விரித்துப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

*

கப்பலை விட்டிறங்கி மலைக்கு ஓடிவரும் பழக்கம் புதிதன்று. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தபின் கீழ்த்திசைக்கு வரும் நீராவிக் கப்பல்கள் பெருகின. 1875-இல் தொடங்கிய அலைதடுப்பு அணை பத்து ஆண்டில் முடிந்ததும், காலித் துறைமுகத்தின் சிறப்பைக் கொழும்பு பறித்துக்கொண்டது. கப்பலுக்கு நிலக்கரி ஏற்றும் நேரம், பிரயாணிகளுக்கு ஊர் பார்க்கும் நேரம் ஆயிற்று. கண்டிக்கு 1867-லேயே புகையிரதம் ஓடத் தொடங்கியிருந்தது. 1884-இல் ஹட்டனுக்கும், மறு ஆண்டு நானுஓயாவுக்கும் தண்டவாளம் ஏறிற்று.

1890-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அந்த ஆண்டில் இரண்டு கப்பற் பிரயாணிகள் கொழும்பில் இறங்கினார்கள். ஒருவர் ருஷ்ய எழுத்தாளர் ஆண்டன் செக்காவ். சகலின் தீவில் கைதிகளின் வாழ்வைக் கண்டுவிட்டுக் கடல்வழியே ஊர் திரும்பியவர், சில நாட்கள் இங்கே தங்கிக் கண்டிவரை புகையிரதத்தில் போய் வந்தார். இந்தத் தீவைச் சொர்க்கம் என்று நண்பருக்கு எழுதினார். மற்றவர் தாமஸ் லிப்டன் என்னும் மளிகை வியாபாரி. ஆஸ்திரேலியா செல்லும் வழியில் இறங்கியவர், மலை ஏறிப் பார்த்தார். தோட்டங்களை விலைக்கு வாங்கினார். ஹப்புத்தளையை அடுத்த தம்பேதென்னைத் தோட்டம் இன்றும் அவர் பெயரை நினைவூட்டுகிறது. ஒருவருக்கு ஒரு கடிதம் மிஞ்சிற்று. மற்றவருக்கு ஒரு சாம்ராஜ்யம் மிஞ்சிற்று.

அதே கொழும்புக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் தட்டுகளில் நெருக்கியடித்து வந்தவர்கள் எங்கள் பாட்டன்மார். அவர்களுக்கும் முன்னோர் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வீழ்ந்தவர்கள் பலர். அந்த வருகை தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து, 2023-இல் எங்கள் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் ஒரு முறை நடந்தார்கள். அதே 2023 ஜூன் மாதத்தில்தான் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் உல்லாசக் கப்பல் விடத் தொடங்கினார்கள். தமிழர்கள் உல்லாசப் பிரயாணிகளாக இந்தத் தீவின் துறைகளில் வந்திறங்கும் காலம் பிறந்துவிட்டது. ஆகவே நான் கற்றுக்கொண்ட பாடம் மற்றவர்க்கும் பயன்படக் கூடும்.

*

நண்பனின் மகன், கப்பல் நிறுவனம் தானே நடத்தும் கரைச் சுற்றுலாக்களின் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தான். கண்டி தலதா மாளிகை இருந்தது. பின்னவல யானைகள் இருந்தன. கொழும்பு நகரும், நீர்கொழும்புக் கடற்கரையும் இருந்தன. டிக்கோயா இல்லை, எப்படி இருக்கும்? ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருந்த கட்டணமோ, ஒரு குடும்பத்துக்கு ஒரு வேன் வைத்துக்கொண்டு போனாலும் மிச்சமாகும்படி இருந்தது.

ஆனால் அந்தக் கட்டணத்துக்குள் ஒரு காப்புறுதி ஒளிந்திருக்கிறது. நிறுவனத்தின் பஸ் வழியில் பழுதாகி நேரம் கடந்தால் கப்பல் அவர்களுக்காகக் காத்து நிற்கும். அல்லது அடுத்த துறைக்கு அவர்களைக் கொண்டு சேர்க்கும். தன் பொறுப்பில் வேன் பிடித்துப் போனவன் பிந்திவிட்டால் அவனுக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவிலேயே போய்ச் சேர வேண்டியதுதான். ஆகவே தனியாகப் போகிறவன் பணத்தை மிச்சம் பிடித்து, அபாயத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறான். இதை அறிந்து செய்வது ஒன்று. அறியாமல் செய்வது வேறொன்று.

நான் நிலைய அட்டவணையையும் தேசப்படத்தையும் விரித்து உட்கார்ந்தேன். முதலில் புகையிரதத்தை நினைத்தேன். கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன் 173 கிலோமீற்றர். நாவலப்பிட்டிக்கு மேல் வண்டி மூச்சு வாங்கி ஏறும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, பெரும்பாலும் கூடும். ஏறுகிற வண்டியில் வந்தால், இறங்குகிற வண்டி எட்டு மணிக் கப்பலுக்குக் கொண்டு சேர்க்காது. மலைப் புகையிரதத்தின் அழகு உலகப் பிரசித்தம். ஆனால் அது இரவு தங்குகிறவர்க்கு உரிய அழகு. ஒரு பகல் பிரயாணி அதை மறந்துவிடுவதே நல்லது.

வீதி வழியே, அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று ஏறினால் ஹட்டன் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நான்கு மணி நேரம். அங்கிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு மேலும் நாற்பத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். சென்கிளேயர், டெவன் நீர்வீழ்ச்சிகள் அந்த வழியில்தான் விழுகின்றன. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த மடக்கும்புரைத் தோட்டமும் தலவாக்கலைக்கு அப்பால் வட்டகொடைப் பக்கத்தில்தான் இருக்கிறது. நண்பனுக்கு அதையெல்லாம் காட்ட ஆசைப்பட்டேன். கணக்கு இடம் கொடுக்கவில்லை. பகலோடு கப்பலேற வேண்டியவன் நுவரெலியாவுக்கு ஆசைப்பட்டால் வீதியைத் தவிர வேறொன்றும் பார்க்கமாட்டான்.

இந்தக் கணக்கை எல்லோரும் காலையிலிருந்து போடுகிறார்கள். மாலையிலிருந்து போட வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். கப்பல் புறப்படுவது எட்டு மணி. பிரயாணிகள் ஏறியாக வேண்டிய கடைசி நேரம் ஏழு. எதிர்பாராத தடைக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால், துறைமுக வாசலில் ஆறு மணிக்கு நிற்க வேண்டும். மாலை நெரிசலையும் சேர்த்துத் திரும்பும் வழிக்கு ஐந்து மணி நேரம். ஆகவே தோட்டத்தைவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். காலையில் இறங்கும் சடங்குகள் முடிந்து ஏழு மணிக்கு வேன் ஏறினால், பதினொன்றரைக்குத் தோட்டம். மிச்சம் ஒன்றரை மணி நேரம். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒன்றரை மணி நேரம்!

அதையே அவனுக்குச் சொன்னேன். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, “போதும்டா” என்றான்.

வாகனத்தை எங்கிருந்து பிடிப்பது? கொழும்பில் பிடித்தால் செலவு குறைவு. ஆயினும் மலை வளைவுகளைப் பழகிய கை வேண்டும் என்று ஹட்டன் வேன் ஒன்றையே அமர்த்தினேன். அதன் சாரதி என் பழைய மாணவன். அவன் முதலில் கேட்ட கேள்வி, “சேர், நான் எங்க படுக்கிறது?” என்பதே. நியாயமான கேள்வி. பத்து மணி நேரம் மலை வீதியில் ஓட்ட வேண்டியவன், முந்திய இரவு உறங்கியிருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் என் உறவினர் வீட்டில் அவனுக்குப் பாய் போட்டுக் கொடுத்தோம். வாடகை, எண்ணெய், சாப்பாடு, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக முன்னதாகவே பேசி எழுதிக்கொண்டோம். துறைமுகத்தின் உள்ளே வெளி வாகனம் எளிதில் புக முடியாது; ஆகவே எந்த வாசலில் சந்திப்பது என்பதையும், தொலைபேசி வேலை செய்யாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் முடிவு செய்தோம்.

இன்னொன்றையும் நான் விசாரித்தேன். கப்பற் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் விசாரிக்கமாட்டார்கள். நண்பனின் அக்காள் மகள் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளை எந்த நேரத்தில் காணலாம்? காலையில் பெரட்டுக்குப் போனால் மாலையில்தான் லயத்துக்கு வருவாள். இடையில், பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், கூடையோடு மடுவத்துக்கு இறங்கி வருவாள். அது பன்னிரண்டு மணி. லீவு போடச் சொல்லலாமா என்று கேட்டேன். “ஒரு பேர் போயிடுமே சேர்” என்றாள். அன்றைய ஒரு பேருக்கு ஆயிரம் ரூபா. 2021-இல் நிர்ணயித்த சம்பளம். (2024-லேயே பிறகு அது 1,350 ஆயிற்று.) அந்த ஆயிரத்தை நாங்கள் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அவள் தன் தாய்மாமனை முதன்முதலாகச் சந்திக்கும்போது, அவர் கையில் கூலி வாங்கி நிற்க விரும்பவில்லை என்பதை அவள் குரலிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆகவே எங்கள் பிரயாணம் மடுவத்து மணிக்கு இசைந்து நடக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

*

அந்த நாள் வந்தது. ஏழேகாலுக்குத் துறைமுக வாசலில் தந்தையும் மகனும் வெளிப்பட்டார்கள். நரைத்த தலை, கம்பளிச் சட்டை, அக்குளில் ஒரு காகிதப் பொட்டலம். என்னைக் கண்டதும் அவன் சிரித்தான். கடைவாயில் அதே தெற்றுப்பல். கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல், “ஏறுங்க, ஏறுங்க” என்று சாரதி துரிதப்படுத்தினான்.

அவிசாவளை வரை சுகமாக ஓடினோம். கித்துல்கலையில் பத்து நிமிஷம் நின்றோம். ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தை 1957-இல் திரைக்கு வருமுன் படம் பிடித்த ஆற்றங்கரை அது. இறங்கிப் பார்க்க வேண்டுமென்று மகன் கேட்டான். சாரதி கடிகாரத்தைக் காட்டினான். மகன் ஏறிக்கொண்டான்.

கினிகத்தேனையை நெருங்கியபோதுதான் என் பிழை தெரிந்தது. மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. சிவனொளிபாத மலைக்கு யாத்திரைப் பருவம். தேசப்படம் பார்த்த நான் பஞ்சாங்கம் பார்க்க மறந்துவிட்டேன்! டிசம்பர் தொடக்கம் மே வரை அந்த மலைக்குப் போகும் அடியார்கள் இந்த வீதியில்தான் திரள்வார்கள் என்பது ஹட்டனில் ஒரு சிறுவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், தெரிந்தும் கணக்கில் சேர்க்கவில்லை. பஸ்களும் வேன்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஐம்பது நிமிஷம் நத்தையாக ஊர்ந்தோம். ஒன்றரை மணி நேரம் என் கண் முன்னே உருகி ஒரு மணிக்கும் குறைவாயிற்று.

நண்பன் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். முதல் தேயிலை மலை கண்ணில் பட்டதும், “கவாத்து வெட்டி எத்தனை வருஷம் இருக்கும்?” என்று மட்டும் கேட்டான். தொழிலாளியின் கண் அது. உல்லாசப் பிரயாணியின் கண்ணன்று.

ஹட்டனைக் கடந்தபோது சாரதி வண்டியை மெதுவாக்கி என்னைப் பார்த்தான். “சேர், திரும்பும்போதும் இந்தச் சனம் இருக்கும். ஒரு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது. மூணு இடம் போக முடியாது. ரெண்டு இடம்தான்.”

மூன்று இடம் என்றது இவை: நண்பன் பிறந்த லயம், அக்காளின் சமாதி, மருமகள் வரும் மடுவம். லயம் மலையின் மேற்கணக்கில் இருந்தது. ஏறி இறங்க அரை மணி ஆகும். அதைப் பார்ப்பதற்காகத்தானே கடல் தாண்டி வந்தான்? நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அதிக நேரம் யோசிக்கவில்லை.

“லயம் கெடக்கட்டும்டா. மனுசரைப் பாப்போம்” என்றான்.

பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிஷத்தில் மடுவத்தை அடைந்தோம். கூடைகள் தராசில் ஏறிக்கொண்டிருந்தன. வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி தலைக்கயிற்றை அவிழ்த்தபடி திரும்பினாள். நாற்பத்தைந்து வயது, அச்சாக அக்காளின் முகம். “மாமா, வாங்க” என்றாள். அதற்குமேல் அவளுக்கும் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. நண்பன் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே ஒரு பட்டுச்சேலை. அவள் பெரியவளான சடங்குக்கும் தாய்மாமன் வரவில்லை, கலியாணத்துக்கும் வரவில்லை. எந்தச் சபையில் வைக்க வேண்டிய சீரோ, அது தராசுக்கு அருகில், ஈரக் கொழுந்து மணத்தின் நடுவே, அவள் கையில் வந்து சேர்ந்தது. கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டே, “நீ ஒரு அரை மணி பிந்தி மலைக்கு வா, பரவாயில்லை” என்றார். அந்த மனிதர் அன்று கொடுத்த அரை மணியை, கப்பல் கொடுத்த பன்னிரண்டு மணியைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

அவளே முன்னே நடந்து சமாதிக்கு அழைத்துப் போனாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மேடு. ஒரு மரச் சிலுவைக்கும் ஒரு சூலத்துக்கும் இடையே பெயரில்லாத ஒரு கல். மகன் படமெடுக்கக் கையை உயர்த்தினான். பிறகு தானாகவே இறக்கிக்கொண்டான். திரும்பி நடக்கையில், எதிர் மலையில் சாம்பல் நிறத் தகரக் கூரை ஒன்றை நான் சுட்டிக் காட்டினேன். “அதுதான் உன் லயம். கூரை மாத்தியிருக்காங்க.” நண்பன் கண்மேல் கையை வைத்து, நெடுநேரம் பார்த்தான். நெடுநேரம் என்றால் இரண்டு நிமிஷம் இருக்கும்.

ஒரு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது சாரதி எஞ்சினை முடுக்கினான்.

இறங்கும் வழியில் மறுபடி நெரிசல். கடுவெலைப் பக்கத்தில் மேலும் நெரிசல். நான் நாற்பது தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். ஆறு இருபத்தைந்துக்குத் துறைமுக வாசல். ஒதுக்கி வைத்த ஒரு மணி நேரத்தில் முப்பத்தைந்து நிமிஷம் எஞ்சியிருந்தது. அந்த ஒரு மணியை நான் தோட்டத்திலேயே செலவழிக்க எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்க அஞ்சுகிறேன். பிரியும்போது நண்பன் சொன்னான்: “போன தடவை கப்பலேறினப்ப, திரும்பி வரமாட்டோம்னு தெரிஞ்சு ஏறினேன். இந்தத் தடவை, ஏழு மணிக்குள்ள ஏறலேன்னா விட்டுட்டுப் போயிடுவான்னு ஓடுறேன். ரெண்டும் கப்பல்தான், பாரு!”

*

இது நடந்தபின் என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் சிலர். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

கப்பல் எட்டு மணி நேரமே கரையில் விடுமானால் மலையை மறந்து கொழும்பைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தால் கண்டியோ ஹட்டனோ ஒன்றைப் பாருங்கள், இரண்டையும் விரும்பாதீர்கள். நுவரெலியாவுக்கும் புகையிரதப் பிரயாணத்துக்கும், கப்பல் இரவு தங்கினால் மட்டும் ஆசைப்படுங்கள். கப்பல் அம்பாந்தோட்டைக்கு வருமானால், வெல்லவாய வழியாக எல்ல பக்கத்துத் தேயிலை மலைகளே கிட்ட உள்ளவை. கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்திருக்கிறீர்களா, கரை நேரத்துக்கு வைத்திருக்கிறீர்களா என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் தரும் தினத்தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதைச் சட்டைப்பையில் வையுங்கள். எதைக் காண்பது என்பதோடு, நேரம் போதாவிட்டால் எதைக் கைவிடுவது என்பதையும் வேனில் ஏறுமுன்பே முடிவு செய்யுங்கள். பஞ்சாங்கத்தையும் வானத்தையும் கேட்காமல் புறப்படாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலில் எங்கள் மலைகள் சரிந்து எத்தனையோ உயிர்கள் மண்ணுக்குள் போயின. வீதிகளும் மலைப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தன. ஆகவே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை முந்திய நாளே உள்ளூர்வாசி ஒருவரிடம் கேட்டறிவது அவசியம்.

கடைசியாக ஒன்று. சாலையோரத்தில் கூடையோடு நிற்கச் சொல்லிப் படமெடுத்துக் காசு கொடுத்துப் போகும் பிரயாணிகளை நாள்தோறும் காண்கிறோம். அவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் கப்பல் அவசரம் அவர்களுக்கு. ஆனால் தோட்டத்துக்கும் ஒரு மணி உண்டு. பெரட்டு மணி, நிறுவை மணி, வேலை விடும் மணி. அந்த மணியைக் கேட்டு அதற்குத் தக்கபடி தன் பிரயாணத்தை அமைத்துக்கொண்டு வருகிறவருக்கு, ஐம்பது நிமிஷத்திலும் ஒரு மனிதரைக் காண முடியும்.

நண்பன் நீலகிரி போய்ச் சேர்ந்து எழுதிய கடிதத்தில், மருமகள் மாட்டுப்பொங்கலுக்குக் கட்ட அந்தச் சேலையைப் பத்திரப்படுத்தியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாள் என்று எழுதியிருந்தான். அடுத்த தடவை கப்பல் வேண்டாமாம். பஸ்ஸிலும் விமானத்திலும் வந்து, பத்து நாள் இருந்து, லயத்துக்கு ஏறிப் பார்ப்பானாம். நான் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.